மற்றவை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஒரு பதிவுப் படிவத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். அதுல 'தாய்மொழி'ன்னு ஒரு டிராப் டவுன். பன்னிரண்டு மொழி போட்டு, கடைசியில 'மற்றவை'ன்னு ஒண்ணு வச்சுட்டு அடுத்த ஆணியைப் புடுங்கப் போயிட்டேன் :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம, கிர்குக் எண்ணெய் வயல் பத்தி ஏதோ படிக்கப் போய், ஈராக் துருக்மேன்கள் கிட்ட வந்து நின்னேன்.

துருக்மேன்னா துர்க்மெனிஸ்தான்காரங்க இல்லை. (நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.) செல்ஜூக் காலத்துலயும், அப்புறம் உஸ்மானியர் காலத்துலயும் வந்து தங்கினவங்களோட வாரிசுகள். தல் அஃபர்ல ஆரம்பிச்சு கிர்குக், தூஸ் குர்மாத்து, மந்தலின்னு சாய்வா ஒரு கோடு போட்டா அதுதான் அவங்க ஊர்கள். பேச்சு அஜர்பைஜான் துருக்கிக்கு நெருக்கம். சன்னியும் உண்டு, ஷியாவும் உண்டு. 'ஹொய்ராத்'னு நாலடிப் பாட்டு, முழுக்கச் சிலேடை. 1926 ஒப்பந்தத்துல மோசுல் பகுதி ஈராக்கோடதுன்னு துருக்கி ஒத்துக்கிட்டதும், பேரரசோட மொழியைப் பேசினவங்க சிறுபான்மை ஆயிட்டாங்க.

என்னை உட்கார வச்சது இந்த வரலாறு இல்லைங்க, கணக்கெடுப்புப் படிவங்கள்.

1957ல தாய்மொழி என்னன்னு கேட்டாங்க. கிர்குக் நகரத்துல துருக்மேன் சுமார் 38 சதவீதம், குர்து 33, மிச்சத்துல பெரும்பாலும் அரபி. ரெண்டே வருஷத்துல, 1959 ஜூலை 14, புரட்சியோட முதல் ஆண்டு விழா அன்னிக்கு, அந்த ஊர்லயே துருக்மேன்களைக் கொன்னாங்க. 1987 கணக்கெடுப்புல இனத்துக்கு ரெண்டே கட்டம்: அரபு, குர்து. 'மற்றவை' கூடக் கிடையாது! 1990கள்ல 'தேசிய இனத் திருத்தம்'னு ஒரு படிவம். துருக்மேன், குர்து, அசிரியர் எல்லாம் 'நான் அரபு'ன்னு கையெழுத்துப் போடணும். மறுத்தா ஊரை விட்டே துரத்துவாங்க. திருத்தமாம்! ஏதோ எழுத்துப்பிழை மாதிரி.

2005 அரசியல் சட்டம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில கல்வி தர உரிமை கொடுத்துச்சு. 2014ல தல் அஃபர் ஐஎஸ் கையில விழுந்து, மீள 2017 ஆகஸ்ட் ஆச்சு. 2024 நவம்பர்ல மறுபடி முழுக் கணக்கெடுப்பு. இந்தத் தடவை இனம்ங்கற கேள்வியையே எடுத்துட்டாங்க. கேட்டா கிர்குக் யாருக்குன்னு சண்டை வரும். அதுவும் நியாயமாத்தான் படுது. ஆனா 1957ல ஒரு எண்ணா இருந்த தாத்தாவோட பேரன், 2024ல எந்தக் கட்டத்துலயும் இல்லை.

1987 படிவத்தை ஒரு அரக்கன் தயாரிச்சிருக்க மாட்டான்னு தோணுது. மேல சொன்னதைச் செஞ்சுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போன ஒருத்தன். என்னை மாதிரி.

மறுநாள் 'மற்றவை' பக்கத்துல, மொழிப் பேரை எழுத ஒரு பெட்டி சேர்த்தேன். "ரிப்போர்ட்ல குழப்பம் வரும், எடுத்துடு"ன்னார் லீட். இன்னும் எடுக்கலை. வெள்ளிக்கிழமை ரிலீஸ்.