ஒரு குரோஸ்

சூலக்கரையில் எங்கள் வீட்டில் எண்ணிக்கை என்றாலே குரோஸ்தான். அம்மா தீப்பெட்டி ஒட்டிய காலம் அது. பசை காய்ந்த விரலால் 12 பெட்டி ஒரு வரிசை, 12 வரிசை என்று அடுக்குவாள். 144 ஆனால் ஒரு குரோஸ். கூலியும் அந்தக் கணக்கில்தான்.

நேற்று வெளிப்படுத்தின விசேஷம் வாசித்தபோது அதே எண் எதிரே வந்து நின்றது. 21-ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் மதில் 144 முழம். 7-ஆம் அதிகாரத்தில் முத்திரை பெற்றவர்கள் 1,44,000 பேர்; கோத்திரத்துக்கு 12,000. வேதத்தில் 12 தேவஜனத்தின் எண்: கோத்திரங்களும் 12, அப்போஸ்தலரும் 12. 7 நிறைவு. 40 சோதனைக்காலம்: நோவா காலத்து மழை 40 நாள், வனாந்தரம் 40 வருஷம், இயேசுவின் உபவாசம் 40 நாள்.

இந்த எண்களைக் கூட்டிக் கழித்து உலக முடிவுக்குத் தேதி குறிப்பவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டார். ஏழெழுபது தரம் என்றார் இயேசு. நோட்டுப் போட்டு 490 வரை எண்ணுவதற்கா? எண்ணுவதையே விட்டுவிடு என்பதற்குத்தானே!

அம்மாவிடம் 144 முழத்தைச் சொன்னேன். "ஒண்ணு குறைஞ்சாலும் குரோஸ் ஆகாதுடா" என்றாள்.

யாரும் விடுபடாத கணக்கு. இதைவிட நல்ல வியாக்கியானம் நான் கேட்டதில்லை.