வழியில் வீடே நின்றுவிட்டால்



2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் ஸ்பெயினுக்குச் சென்று கொர்தோபாவையும் கிரனாடாவையும் காண்பது என்று எங்கள் குடும்பத்தில் முடிவானபோது, விமானத்தில் செல்வதைப் பற்றி எவரும் பேசவில்லை. எங்கள் உம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. நாள்தோறும் இரு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியில் கிடைக்கும் உணவில் அவர்களுக்கு அறவே நம்பிக்கை இல்லை. லெஸ்டருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபின்னும் காயல்பட்டினத்துச் சமையலறையை விட்டு அவர்கள் வெளியே வந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். ஆகவே, முந்திய ஆண்டு ஒரு முதிய ஆங்கிலேயத் தம்பதியரிடமிருந்து நாங்கள் வாங்கியிருந்த மோட்டார்ஹோமே எல்லாவற்றுக்கும் விடையாகத் தோன்றியது. அதில் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, இன்சுலினுக்குக் குளிர்பெட்டி உண்டு. உம்மாவுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கழிப்பறையும் உண்டு.

எங்கள் இருவரோடு பிள்ளைகள் இருவர், உம்மா என மொத்தம் ஐந்து பேர். டோவரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல் பயணம். கலேயில் இறங்கினால் கிரனாடா வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் சாலை. வாகனக் காப்பீட்டைப் பொறுத்தவரை எங்களுக்குக் கவலை இருக்கவில்லை. பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘பச்சை அட்டை’ வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஆகஸ்டிலேயே நீங்கிவிட்டது. தாள்கள் யாவும் ஆயத்தம் என்று ஓர் இரவு உணவின்போது நாங்கள் சற்றுப் பெருமையாகவே அறிவித்தோம்.

“பாதி வழியில வண்டி நின்னுட்டா என்ன செய்வீங்க, வாப்பா?” என்று உம்மா கேட்டார்கள்.

மறைந்த எங்கள் வாப்பா அம்பாசிடர் காரில் திருநெல்வேலிக்குப் புறப்படும்போதெல்லாம் ஒரு ஃபேன் பெல்ட், ஒரு கயிறு, ஒரு கேன் தண்ணீர் ஆகியவற்றை டிக்கியில் வைத்து, ஸ்டெப்னியை ஒரு முறை மிதித்துப் பார்த்த பின்னரே பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியில் ஏறுவார்கள் என்று அவர்கள் நினைவூட்டினார்கள். எங்கள் மோட்டார்ஹோமில் ஸ்டெப்னியே கிடையாது. எடையைக் குறைப்பதற்காக, ஓட்டையை அடைக்கும் ஒரு திரவப் புட்டியைத்தான் இவ்வகை வண்டிகள் பலவற்றில் வைத்து விற்கிறார்கள். இதை அப்போது உம்மாவிடம் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை.

எங்களிடமும் ஒரு பதில் இருந்தது. எங்கள் வங்கிக் கணக்கோடு ‘பிரேக்டவுன் கவர்’ இலவசமாக இணைந்திருந்தது; வண்டி வழியில் பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுக்கும், அல்லது இழுத்துச் செல்லும் ஏற்பாடு அது. ஐரோப்பாவுக்கும் செல்லும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அன்றிரவு அந்தச் சிறு நூலை முதன்முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தோம். வண்டியின் நீளம் 7 மீட்டருக்கு மிகலாகாது என்று 23ஆம் பக்கத்தில் இருந்தது. எங்கள் வண்டி சைக்கிள் தாங்கியையும் சேர்த்தால் 7.3 மீட்டர். வயது பதினைந்துக்கு மேற்படலாகாது என்றும் இருந்தது. எங்களுடையது 2007ஆம் ஆண்டுப் பதிவு. ஆறு ஆண்டுகளாக அந்தக் கணக்குக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தி வந்தோம். கார் வைத்திருந்த வரையில் அதில் குறையில்லை. மோட்டார்ஹோம் வாங்கிய நாள் முதல் அந்த வாக்குறுதி எங்களுக்குரியதாக இருக்கவில்லை. நாங்கள்தான் அதை அறியாதிருந்தோம்.

அதன்பின் பத்து நாள்கள் பல நிறுவனங்களின் விதிகளைப் படித்தோம். விலையை மட்டும் ஒப்பிட்டுக் காட்டும் தளங்களால் இதில் பெரிதாகப் பயனில்லை என்பது எங்கள் எண்ணம். கார் நின்றால் நிற்பது வாகனம் மட்டுமே. மோட்டார்ஹோம் நின்றால் வீடும் அதனோடு நின்றுவிடுகிறது. லாரி அதைத் தூக்கிச் செல்லும்போது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் சேர்ந்தே போகின்றன. மெக்கானிக்கின் கொட்டகையில் இரவு தங்கப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. இதை உணர்ந்தபின் எங்கள் கேள்விகள் மாறின. இழுத்துச் செல்லும் லாரியின் முன்பகுதியில் ஓட்டுநரைத் தவிர இரண்டு மூன்று பேர்தாம் அமர முடியும். மற்றவர்களை யார் அழைத்துச் செல்வார்கள்? தங்குமிடச் செலவு ஓர் ஆளுக்கா, ஒரு வண்டிக்கா? மாற்று வண்டி தருவோம் என்கிறார்களே, அது காராகத்தானே இருக்கும். உம்மாவின் இன்சுலின் எங்கே இருக்கும்? வண்டியை அங்கே பழுதுபார்க்க முடியாவிட்டால் லெஸ்டர் வரை கொண்டுவந்து சேர்ப்பார்களா? பெரும்பாலான பாலிசிகளில் இதற்கு விடை, ‘வண்டியின் சந்தை மதிப்புக்குட்பட்டு’ என்பது. எங்களுடையதைப் போன்ற பழைய வண்டிகள் அன்னிய நாட்டில் கைவிடப்படுவது அந்த ஒரு சொற்றொடரால்தான். சில பாலிசிகளில், ஸ்டெப்னி இல்லாத வண்டியின் டயர் வெடித்தால் உதவி இல்லை. குளிர்பெட்டி, தண்ணீர் சூடேற்றி போன்றவை பழுதானால் எதிலுமே உதவி இல்லை. வண்டி ஓடுகிறதே என்பார்கள்.

இவற்றுக்கிடையே மற்றொரு தயக்கமும் இருந்தது. காப்பீட்டில் கரர் உண்டு என்பதை நம்மில் பலரும் அறிவோம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வணிக முறைக் காப்பீட்டைக் கூடாது எனவும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுக் காப்பீட்டை அதற்கு மாற்று எனவும் தீர்மானித்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் வாகனக் காப்பீடு வேறு. இதையோ நாங்களாகத் தேடி வாங்குகிறோம். எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். அவர் உடனே பதில் தரவில்லை. “நீங்கள் வாங்குவது பணத்தையா, லாரியையும் ஆளையும் வைத்துச் செய்யும் வேலையையா?” என்று திருப்பிக் கேட்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு சாலையில் ஊழியம் செய்வதைச் சேவை ஒப்பந்தமாகக் கருதும் அறிஞர்கள் உண்டு என்றும், கருத்து வேறுபாடு உள்ள விஷயம் என்றும், முதிய தாயை அழைத்துச் செல்பவர்கள் தேவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இவ்வகை உதவியின் தொடக்கமே சங்கங்கள்தாம். பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905இல் வாகன ஓட்டிகள் கூடி அமைத்தது. 1999 வரை அது உறுப்பினர்களுக்கே உரியதாக இருந்தது. ஜெர்மனியின் ஏடிஏசி 1903இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் சங்கமாகத் தோன்றி இன்றும் சங்கமாகவே இருக்கிறது. இவையெல்லாம் எங்கள் மனத்தைச் சற்று அமைதிப்படுத்தின. எங்களுக்குக் கிடைத்த விடையை உங்களுக்கான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியில் மோட்டார்ஹோம்களுக்கென்றே உள்ள ஒரு பாலிசியைத் தேர்ந்தோம். நீளத்துக்கு வரம்பு இல்லை, வயதுக்கும் இல்லை. ஒரே பயணத்தில் 90 நாள்கள் வரை அனுமதி. ஐந்து பேரையும் ஏற்றிச் செல்லும் பொறுப்பை எழுத்தில் ஏற்றிருந்தார்கள். விலை, நாங்கள் முதலில் பார்த்த மலிவானதைப் போல் இரு மடங்குக்கும் மேல். கையெழுத்திடும் முன் படிவத்தில் இரு கேள்விகள் இருந்தன. எங்களுக்கு உண்மையான சோதனை அங்கேதான் வந்தது.

முதலாவது: வண்டியில் தெரிந்த பழுது ஏதேனும் உண்டா? உண்டு. ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குவதை இரண்டு மாதங்களாகவே கவனித்து வந்தோம். நண்பர் ஒருவர், “இதையெல்லாம் எழுதுவார்களா? அங்கே போய்ப் பழுதானால் அவர்களே மாற்றி எடுத்து வந்துவிடுவார்கள்; காசும் மிச்சம்” என்றார். அவர் தீயவர் அல்லர். நமக்கு நன்மையென்று எண்ணித்தான் சொன்னார். நாங்களும் ஓரிரவு முழுவதும் அதை எண்ணிப் பார்த்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிய கிளட்சுக்கு 900 பவுண்டுக்கு மேல் ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ‘இல்லை’ என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் அது மிச்சம். ஆனால் கொர்தோபாவின் பெரும் பள்ளிவாசலைக் காணப் புறப்படும் பயணத்தை ஒரு பொய்யின் மேல் ஏற்றிச் செல்வதா என்று கேட்டுக்கொண்டபோது எங்களால் பேனாவை எடுக்க முடியவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் பலமுறை சொன்னதுண்டு. கட்டும் கயிறு திருட்டுக் கயிறாக இருக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? கிளட்சை மாற்றினோம். புறப்பாடு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

இரண்டாவது: ஏற்றிய நிலையில் வண்டியின் எடை என்ன? தாளில் உள்ள உச்ச வரம்பு 3,500 கிலோ. அதற்குமேல் ஏற்றினால் சட்டப்படி குற்றம்; பாலிசியும் செல்லாது. தாளில் உள்ள வரம்பை உயர்த்திக்கொள்ளலாம் என்றாலும், 1997க்குப் பின் கார் உரிமம் பெற்ற எங்கள் இருவராலும் பிறகு அதை ஓட்ட முடியாது. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குச் சென்றோம். 3,660 என்று காட்டியது. மேடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இது பழகிய காட்சி போலும்.

அன்று மாலை வீட்டு வாசலில் நடந்ததை ஒரு வழக்காடு மன்றம் என்றே சொல்லலாம். தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் இருந்தது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் 80 லிட்டரை வெளியேற்றினோம். சைக்கிள்களும் தாங்கியும் இறங்கின, பிள்ளைகள் அழுதார்கள். 20 கிலோ அரிசியில் பாதி இறங்கியது. கடைசியில், படுக்கைக்கு அடியில் போர்வையால் சுற்றி வைக்கப்பட்டிருந்த ஒரு கனத்த பொருளைக் கண்டோம். உம்மா காயலிலிருந்து கொண்டுவந்த அம்மி. மிக்சி இருக்கிறதே என்றோம். மிக்சியில் அரைத்தது துவையல் ஆகாது என்றார்கள். அதுவும் இறங்கியது. அவர்கள் அன்று எங்களோடு பேசவில்லை.

பிரான்சில் புவாத்தியே நகருக்குத் தெற்கே ஏ10 நெடுஞ்சாலையில் வண்டி நின்றது. கிளட்ச் அன்று, ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி பறந்தது. அங்கெல்லாம் சுங்கச் சாலைகளில் நமது நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. ஓரத்தில் இருந்த ஆரஞ்சு நிறத் தொலைபேசியில் சொன்னோம். அரசு அனுமதி பெற்ற லாரி மட்டுமே வந்து, அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு வண்டியைச் சாலையை விட்டு அகற்றும். அந்தப் பணத்தை அங்கேயே கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டிப் பின்னர் திரும்பப் பெற வேண்டும். பாலிசியைப் படித்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஒளிரும் மேலாடைகளை அணிந்து, உம்மாவை மெல்ல நடத்திச் சென்று, தடுப்புக்கு அப்பாலிருந்த புல்வெளியில் அமர்த்தினோம். லாரி வரும்வரை லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். லாரியில் மூவருக்குத்தான் இடம். எஞ்சிய இருவருக்கு நிறுவனத்தார் டாக்சி அனுப்பினார்கள். இரண்டு இரவுகள் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். வரவேற்பிலிருந்த பெண்மணி இன்சுலினைத் தம் சொந்தக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் குழாய் வந்தது. ஆறு வாரங்களில் இழுவைப் பணமும் திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கிரனாடாவில் அல்பைசின் மேட்டில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் முற்றத்தில் உம்மா நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். எதிரே அல்ஹம்ரா. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

இந்த ஆண்டுக்கான புதுப்பிப்புப் படிவம் சென்ற வாரம் வந்தது. பழுது, நீளம், எடை என்று அதே கேள்விகள். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தோம். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அம்மி எத்தன கிலோ இருக்கும், வாப்பா?”