நினைவு செய்த பிழை

மறதி பெரிய குற்றமன்று. மறந்தவன் "மறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், கேட்டவன் வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். ஒன்றை வேறொன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, அதையே உறுதியாகச் சாதிப்பவனால்தான் துன்பம் வருகிறது. இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு பழைய மடிக்கணினி. அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு நல்ல நண்பனை இழக்க இருந்தேன்.

சென்ற ஆண்டு ஆய்வேட்டுக்காக நானும் என் வகுப்புத் தோழனும் ஓர் ஏரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 140 கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு எழுதி வந்தோம். தாளில் எழுதியதையெல்லாம் என் மடிக்கணினியில் அவன் ஒரே நாளில் அடித்து முடித்தான். சராசரி கண்டு, படம் வரைந்து, பேராசிரியரிடம் கொண்டுபோனோம். அவர் ஓர் எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"ஏரிக்கரைக் கிணறு 62 அடி ஆழமா? அங்கே 20 அடியில் தண்ணீர் வந்துவிடுமே!"

தாளைப் புரட்டிப் பார்த்தோம். தாளில் 22 என்றுதான் இருந்தது.

"நான் 22 என்றுதான் சார் அடித்தேன்" என்றான் தோழன்.

"பிறகு கணினியா தானாக மாற்றிக்கொண்டது? நீ அடித்த பிறகு அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லையே!" என்றேன் நான். வகுப்பில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் சிரித்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நான் அவ்வளவு உறுதியாகப் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கணினி அவ்வப்போது நீலத்திரை காட்டி நின்றுவிடும். அதற்காக முன்பே அதிலுள்ள நினைவகச் சோதனையை ஓட்டிப் பார்த்திருந்தேன். 20 நிமிடம் ஓடிவிட்டு, "குறை ஏதுமில்லை" என்று சொல்லிவிட்டது. கணினி குற்றமற்றது என்றால் குற்றவாளி மனிதன்தானே? அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

ஆனால் கோளாறு தொடர்ந்தது. சுருக்கி வைத்த கோப்பு விரியாது. மறுபடி முயன்றால் விரியும். வன்தட்டுக் கெட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன். நச்சுநிரலோ என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். நிறுவும்போதே பாதியில் நின்றது. எங்கள் கணினி ஆய்வகத்து உதவியாளர் கேட்டுவிட்டு, "தம்பி, 20 நிமிடச் சோதனையை நம்பாதே. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடு" என்றார்.

அப்படியே செய்தேன். அந்த நிரல் செய்யும் வேலை மிக எளியது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். பிறகு வேறொன்றை எழுதிப் பார்க்கும். பரீட்சைக்குப் படிப்பவன் புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பித்துப் பார்ப்பதைப் போன்றதுதான். விடியற்காலை எழுந்து பார்த்தேன். திரையில் சிவப்பு வரிகள் நின்றன. எல்லா வரியிலும் ஒரே முகவரி. எழுதியது அனைத்தும் சுழி. படித்ததிலோ கடைசி இலக்கம் மட்டும் 4.

ஏன் 4 என்று சிந்தித்தேன். இன்றைய கணினிகளின் நினைவகம் 1968-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற முறையில் அமைந்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு மின்தேக்கி. தேக்கியில் மின்னூட்டம் இருப்பதும் இல்லாததும் 1, 0 என்ற இரண்டைக் குறிக்கும். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு தேக்கியையும் படித்துத் திரும்ப எழுதிப் புதுப்பிக்கிறார்கள். 4 ஜி.பி. நினைவகத்தில் இத்தகைய தேக்கிகள் 3,435 கோடிக்கு மேல் இருக்கின்றன. அத்தனை கோடியில் ஒன்று என் கணினியில் 1 என்ற நிலையிலேயே நின்றுவிட்டது. அதன் இடமதிப்பு 4.

அப்போதுதான் ஓர் எண்ணம் தோன்றி என்னை உலுக்கியது. எழுத்துக் கோப்பில் 2 என்ற இலக்கம் 50 என்ற குறியெண்ணாகவும், 6 என்ற இலக்கம் 54 என்ற குறியெண்ணாகவும் எழுதப்படுகின்றன. இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 4. ஒரே ஒரு பிட். அந்தக் கெட்ட இடத்தில் வந்து அமரும் 2, எழுந்து போகும்போது 6 ஆகிவிடும். 22 என்பது 62 ஆனது அப்படித்தான் இருக்க வேண்டும். அவன் கை தவறவே இல்லை!

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் அது பொய். என் அறிவு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது. அவன் அடித்த அன்று அந்த எண் சரியாகத்தான் பதிவாகியிருக்கும். பின்னர் யாராவது கோப்பைத் திறந்து மறுபடி சேமித்திருந்தால்தான் பிழை ஏறியிருக்கும். நானோ திறக்கவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோப்பின் தேதியைப் பார்த்தேன். அவன் அடித்ததற்கு இரண்டு நாள் கழித்து, இரவு 11 மணிக்குச் சேமிக்கப்பட்டிருந்தது. ஓர் ஊரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையை நானே திருத்தியது அப்போது நினைவுக்கு வந்தது. பத்துப் பேர் நடுவில் "திறக்கவே இல்லை" என்று சொன்னேனே, அதைப் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. உண்மையென்றே நம்பிச் சொன்னேன். கெட்டது கணினியின் நினைவு மட்டுமன்று.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் எழுந்து உள்ளே போய் ஒரு பென் டிரைவைக் கொண்டு வந்தான். அடித்து முடித்த அன்றே ஒரு படி எடுத்து வைத்திருக்கிறான். அதில் 22 என்றே இருந்தது.

"இதை ஏனடா அன்றைக்கே காட்டவில்லை?"

"நீ கேட்கவில்லையே. தீர்ப்புத்தானே சொன்னாய்."

அதற்கு என்னிடம் விடை இல்லை. அவன் அம்மா தேநீர் கொண்டு வந்து வைத்தார்கள். ஆறும் வரை இருவரும் அதைத் தொடவில்லை. மறுநாள் அந்தப் பத்துப் பேரில் கிடைத்தவர்களை நிறுத்தி, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

இனிக் கணினிக்கு வருவோம். திருப்புளி எடுத்து அடிமூடியைக் கழற்றினோம். உள்ளே செருகியிருந்த நினைவகப் பட்டை ஒன்று, 4 ஜி.பி. அதை எடுத்துவிட்டுச் சோதித்தாலும் பிழை வந்தது. அந்தப் பட்டையை அவன் கணினியில் செருகிச் சோதித்தால் பிழை இல்லை. ஆகவே குற்றம், பலகையோடு பற்றவைத்த மற்றொரு 4 ஜி.பி. நினைவகத்தில் இருந்தது. செருகியதைக் கழற்றி மாற்றலாம். பற்றவைத்ததை என்ன செய்வது? பழுதுபார்க்கும் கடைக்காரர், "சில்லைச் சூடுகாட்டி எடுத்து வேறு வைக்கலாம் தம்பி. ஆனால் அந்தக் கூலிக்கு இது பெறாது" என்றார். பற்றவைத்த நினைவகத்தை அணைத்து வைக்கும் வசதியும் அந்தக் கணினியின் அமைப்பில் இல்லை.

வழி லினக்ஸில் கிடைத்தது. கெட்ட முகவரி தெரிந்தால், அந்தப் பகுதியைத் தொடாதே என்று கணினி தொடங்கும்போதே கட்டளையிடலாம். ஆனால் பட்டையைச் செருகினால் முகவரிகளின் அடுக்கு மாறிவிடும். ஆதலால் பட்டையைத் திரும்பச் செருகி, இன்னோர் இரவு சோதித்து, புதிய முகவரியைக் குறித்துக்கொண்டோம். முதல் முயற்சியில் கணினி எழவே இல்லை. கட்டளையில் வரும் டாலர் குறிக்கு முன்னால் இடவேண்டிய சாய்கோடுகளை நான் விட்டுவிட்டேன். கண்டுபிடித்தவன் அவன்தான். இரண்டாம் முறை எழுந்தது. 8 ஜி.பி.யில் 1 எம்.பி.யை, அதாவது 8,192 பங்கில் ஒரு பங்கை, வேலி கட்டி ஒதுக்கினோம். அன்றிலிருந்து நீலத்திரை போன்ற நிறுத்தமும் இல்லை. கெட்டுப்போன கோப்பும் இல்லை. கிணறுகள் 140-ஐயும் தாளோடு வைத்து இருவருமாக மீண்டும் சரிபார்த்தோம்.

ஒரு பிட் மாறினால் தானே கண்டு திருத்திக்கொள்ளும் முறையை 1950-இலேயே ரிச்சர்டு ஹேமிங் வெளியிட்டார். கூடுதலாகச் சில பிட்டுகளைச் சாட்சியாக வைப்பதுதான் அதன் அடிப்படை. பெரிய வழங்கிக் கணினிகளில் இத்தகைய நினைவகம் உண்டு. நம்முடைய சாதாரண மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை. நம் தலைக்குள்ளும் இல்லை என்றே நினைக்கிறேன். நமக்குச் சாட்சி தாளும், தேதியும், நண்பனும்தான்.

பிறவியிலேயே பற்றவைத்து வந்த நினைவை எவராலும் கழற்றி மாற்ற முடியாது. எந்த இடத்தில் அது பிறழும் என்று அறிந்து, அந்த இடத்தில் பாரம் ஏற்றாமல் இருக்கலாம். என்னுடைய கெட்ட முகவரி எது என்று எனக்கு இப்போது தெரியும்: "நான் செய்யவே இல்லை" என்று உரக்கச் சொல்லும் இடம். அங்கே வந்ததும் ஒரு கணம் நின்று, எதிரில் இருப்பவனைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.