வாராக்கடன்

பௌர்ணமி கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர். இந்திரலிங்கம், அக்னிலிங்கம் வரைக்கும் எல்லோரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்கள். எமலிங்கம் தாண்டினால் பேச்சு குறையும். அடி அண்ணாமலை வரும்போது கால் கெஞ்ச ஆரம்பிக்கும். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அந்த இடத்தில்தான் வாய்க்கு வரும். என் நண்பனுக்கும் அங்கேதான் வந்தது.

"மச்சான்... அவகிட்ட நீ ஒருதடவ பேசேன்டா. நான் மன்னிப்பு கேட்டேன்னு மட்டும் சொல்லு, போதும்."

யார் அந்த 'அவ' என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

1997. நாங்கள் திருவண்ணாமலையில் பி.காம். கடைசி வருடம். தேரடித் தெரு பக்கம் ஒரு தையல் கடையில் அவள் வேலை பார்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரன் நான்தான். நாலு மாதம் கழித்து அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. மறுநாளே அவனை அவன் வீட்டில் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். போகும்போது மாமா வீட்டு அட்ரஸை எழுதி என் கையில் திணித்து, "யாருக்கும் சொல்லிடாத மச்சான்" என்றான்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன். அட்ரஸ் என் சட்டைப் பையில் இருந்தது. நண்பனுக்கு விசுவாசமாக இருந்துவிட்டதாக அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு!

கிரிவலம் முடிந்து வந்த இரவு தூக்கம் வரவில்லை. போனில் 'நிழல் நிஜமாகிறது' படத்தைத் தேடிப் பார்த்தேன். 1978-ல் வந்த பாலசந்தர் படம். பம்மன் எழுதிய மலையாள நாவலை வைத்து 1969-ல் சேதுமாதவன் எடுத்த படத்தின் தமிழ் வடிவம். நம்மில் பலருக்கு கமலும் சுமித்ராவும் மோதிக்கொள்வதும், எம்.எஸ்.வி. பாட்டுகளும்தான் ஞாபகம் இருக்கும். உண்மையில் அது ஷோபாவின் படம். வேலைக்காரப் பெண் திலகமாக வருவார். அந்த வீட்டு முதலாளி சரத்பாபு அவளைக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைகழுவுகிறார். அவளையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? அதே வீட்டில் எடுபிடி வேலை செய்யும், காது கேட்காத காசி. அனுமந்து நடித்திருப்பார்.

கமல், சரத்பாபுவின் சிநேகிதர். ஆனால், நண்பன் செய்த தப்பை மூடி மறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறார். அந்த இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

கடைசியில் சரத்பாபு திருந்தி வருகிறார். தமிழ் சினிமாவில் இந்தக் கட்டத்தில் மேளம் கொட்டியிருக்க வேண்டும், இல்லையா? திலகம் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தைக்கு அப்பா காசிதான் என்கிறாள். 1978-லேயே வந்த முடிவு சார் இது! இதில் நடித்தபோது ஷோபா பதின்வயதுப் பெண். 'பசி' படத்துக்குத் தேசிய விருது வாங்கி, 1980-ல் 17 வயதில் போய்விட்டார்.

திருந்தியவர்களுக்கு எங்கள் ஊரில் எப்போதுமே மரியாதை உண்டு. வல்லாள கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகனே தாங்கிப் பிடித்தான் என்பார்கள். ஆனால், இதே ஊரில் இன்னொரு கதையும் இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தாராம். இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், மகன் ஸ்தானத்தில் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார் சாமி. ரத்த சம்பந்தமா இருக்கிறது? திலகம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

அவளைப் பார்க்கப் போனேன். இப்போது சொந்தக் கடை. மூன்று மெஷின். கடைக்குள் நுழைந்ததும் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்தக் காலத்தில் அதே தையல் கடையில் இவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த பெண். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்று கையெழுத்துப் போட்டது அவர்தான். மூன்று மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டதும் அவர்தான். நானும்தான் ஒரு சிநேகிதனாக இருந்தேன்!

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்துக்கு முன்னால் அவள் பேனாவோடு நின்ற கதையை ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். தகப்பன் பெயரைச் சொல்லாமலே கல்யாணமாகாத தாய் கார்டியன் ஆகலாம் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு 17 வயது. கருத்தடை தவறிப்போனால் கருவைக் கலைக்கலாம் என்ற சட்டத்திலேகூட 2021 வரைக்கும் 'மணமான பெண்' என்றுதான் இருந்தது. சட்டம் மெதுவாக நடந்து வந்து சேர்வதற்குள் இவள் வாழ்க்கையில் பாதி முடிந்துவிட்டது.

நண்பன் சொன்னதைச் சொன்னேன். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறான், அன்னதானம் செய்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

டேப்பைக் கழுத்தில் போட்டபடியே கேட்டாள். "நல்லா இருக்கட்டும்ணா. அவர நெனச்சே ரொம்ப வருசமாச்சு. ஆனா, உங்கள நெனச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல நின்னேனே... தெரியாதுன்னு சொல்லிட்டு சட்டைப் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க. அட்ரஸ் அதுலதான் இருக்குன்னு தெரிஞ்சுது. அதான் ரொம்ப நேரம் நின்னேன். எப்படியும் மனசு மாறி எடுத்துக் குடுத்துடுவீங்கன்னு."

27 வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். திரும்பி வராத கடனுக்கு வாராக்கடன் என்று பெயர். அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை கடன் கொடுத்தவருக்கு மட்டும்தான். வாங்கியவன் தன் நோட்டில் தானே அடித்துவிட்டு 'கணக்கு நேர்' என்று எழுதிக்கொள்ள முடியாது. கிரிவலம் போனாலும் சரி, அன்னதானம் போட்டாலும் சரி. நண்பன் அவ்வளவு நாளாகச் செய்தது அதைத்தான். அவனை நல்லவன், கெட்டவன் என்று எடைபோட்டுக்கொண்டு நான் செய்ததும் அதைத்தான்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பிளவுஸ் எதுனா தைக்கணும்னா அண்ணிய வரச் சொல்லுங்கண்ணா" என்றாள். அது மன்னிப்பா, வியாபாரமா, விசாரிப்பா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கில்லை.

யாருக்கோ சேர வேண்டிய ஓர் அட்ரஸ் உங்கள் சட்டைப் பையிலும் இருக்கிறதா? அவர்கள் வாசலில் நிற்கும்போதே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.