மினிட் நோட்டு

எங்கள் சபைக் கமிட்டியின் மினிட் நோட்டு, நீல அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. அதில் மூன்று வருடத்துப் பக்கங்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஒரு ஜூலை மாதப் பக்கத்தில், ஐந்தாவது பொருளுக்குக் கீழே இரண்டு வரி. அசனக் காணிக்கையில் குறைவுபடும் தொகை குறித்துக் கோயில்குட்டியாரிடம் விசாரிக்கத் தீர்மானிக்கப்பட்டது என்று. அதை எழுதியது நான். அந்தப் பொருளைக் கமிட்டியில் எடுத்ததும் நான்தான்.

கோயில்குட்டியார் என்றால் தெற்கே எங்கள் பக்கத்து சர்ச்சுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலைத் திறப்பவர், பூட்டுபவர், பெருக்குபவர், ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிப்பவர். ஊரில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பவரும் அவர்தான். நற்கருணைத் துணிகளைத் துவைத்து, மடிப்பு மாறாமல் பெட்டியில் வைப்பார். எங்கள் கோயில்குட்டியாருக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். நான் அவரைத் தாத்தா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் 'வாங்க, போங்க' போட்டுத்தான். செயலர் இல்லையா.

அந்த வருடம் மே மாதம் நான் ஒரு தலைமைத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். மூன்று நாள். தலைப்பு, பணிவிடைத் தலைமை. கடைசி நாள் ராத்திரி, ஒருவர் காலை ஒருவர் கழுவும் நிகழ்ச்சி. புது பிளாஸ்டிக் பேசின்கள், வெதுவெதுப்பான தண்ணீர், வெள்ளைத் துண்டுகள். என் முறை வந்தபோது அழுதுவிட்டேன். பொய் அழுகை இல்லை. ஆனால் பிற்பாடு யோசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த ஒரு காலில்கூட அழுக்கு இல்லை. எல்லோரும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு, ரூமிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தோம். நானும்தான். என் காலைக் கழுவிய பையன் கழுவுவதற்கு என்ன இருந்தது?

யோவான் சுவிசேஷத்தில் வரும் அந்த ராத்திரியில் கால்கள் அப்படி இருந்திருக்காது. புழுதித் தெருவில் நடந்துவந்த கால்கள். அதைக் கழுவுவது வீட்டு அடிமையின் வேலை. அந்தக் கால்களுக்குள் யூதாஸின் காலும் உண்டு, அது கழுவுகிறவருக்குத் தெரியவும் தெரியும். லூக்கா இன்னொன்றையும் சொல்கிறார். அதே பந்தியில்தான் சீஷர்களுக்குள் யார் பெரியவன் என்று தகராறு வந்ததாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கமிட்டி ஞாபகம் வரும்.

முகாமில் எங்களுக்குக் கொடுத்த நோட்ஸில் ராபர்ட் கிரீன்லீஃப் பெயர் இருந்தது. ஏ.டி.அண்ட்.டி. கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அதற்குப் பிறகுதான் இந்தச் சொல் நிர்வாகப் படிப்புகளுக்குள் வந்தது. அவருக்கு இந்த எண்ணம் கிடைத்தது பைபிளிலிருந்து இல்லை, ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலிலிருந்து என்று அவரே சொல்லியிருக்கிறார். 1932ல் வந்த, கிழக்கு நோக்கிப் பயணம் போகும் ஒரு கூட்டத்தின் கதை. அதில் லியோ என்று ஒரு வேலைக்காரன். மூட்டை தூக்குகிறான், பாடுகிறான். ஒருநாள் காணாமல் போகிறான். உடனே கூட்டம் குலைந்துபோகிறது. வருடங்கள் கழித்துப் பார்த்தால், அந்தச் சங்கத்துக்கே தலைவன் அந்த லியோதான்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. ஜூன் மாதம் வாலிபர் கூட்டத்தில் இதையே பேசினேன். நன்றாகப் பேசினதாகச் சொன்னார்கள். பேசி முடித்துவிட்டு, கதவைப் பூட்டக் காத்திருந்த தாத்தாவிடம், "நாற்காலியெல்லாம் உள்ள எடுத்துப் போட்டுருங்க தாத்தா, எனக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இப்போதுதான் இது உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை.

ஜூலையில் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம். ஊர் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. மும்பை, சென்னை என்று போனவர்கள் எல்லாம் அந்த ஒரு நாளுக்கு வருவார்கள், வர முடியாதவர்கள் காணிக்கை கொடுத்தனுப்புவார்கள். முந்தின ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்ட, பின்னால் அடுப்பு தோண்டி, அண்டா ஏற்றி, விடிய விடியத் தூக்கம் கிடையாது. கவர்கள் என் கைக்குத்தான் வரும். நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, உடைமாற்றும் அறை பீரோவில் வைப்பேன்.

அசனம் முடிந்து கணக்குப் பார்த்தால் ஒரு கவர் இல்லை. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். நோட்டில் இருக்கிறது, பீரோவில் இல்லை.

பீரோ சாவி மூன்று பேரிடம் இருந்தது. ஐயரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, தாத்தாவிடம் ஒன்று. இந்த மூன்று பேரில் ஒருவரை மட்டும்தான் எனக்குச் சந்தேகப்படத் தோன்றியது. ஏன்? அவர் அதற்கு முன்னால் பத்துப் பைசா எடுத்ததாக யாரும் சொன்னதில்லை. பெருக்கும்போது கிடைக்கிற சில்லறையைக்கூட ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருப்பார். எனக்குத் தோன்றியதற்கு ஒரே காரணம், மூன்று பேரில் அவர்தான் ஏழை. இதை எழுத்தில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

கமிட்டியில் நான் குற்றம் சாட்டவில்லை. அந்த மாதிரி முரட்டுத்தனமெல்லாம் என்னிடம் கிடையாது. "யாரையும் சொல்லலை, சாவி இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா நல்லது" என்றேன். ஐயரிடம் கேட்கவேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் தாத்தாவிடம் போய்க் கேட்டார்கள். அவர், "நான் எடுக்கலை" என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம்.

எங்கள் ஊரில் ஆடி, ஆவணியில் காற்றுதான் அடிக்கும், மழை கிடையாது. ஐப்பசியில்தான். அக்டோபர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், வேலை முடிந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, ரெயின்கோட்டை வெளியே இழுத்தேன். அதோடு சேர்ந்து கவரும் வந்தது. அசனத்து முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒருவர் கொடுத்தார். நோட்டு கையில் இருந்ததால் அங்கேயே எழுதிக்கொண்டேன். கவரை சீட்டுக்கு அடியில் வைத்தேன். மறந்தேன். அவ்வளவுதான்.

டீக்கடையில் நின்றுகொண்டு முதலில் நான் யோசித்தது தாத்தாவைப் பற்றி இல்லை. அடுத்த மாதம் திருமண்டலத் தேர்தல். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். பெருமன்றத்துக்கு நான் நிற்பதாக இருந்தது. சர்ச் தேர்தலா, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு தேர்தல் சமயத்தில் வந்து பார்க்கவேண்டும். அணி, போஸ்டர், வேன், பிரியாணி எல்லாம் உண்டு. என் அணிக்காரர்கள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே தகுதி, பையன் கணக்கில் சுத்தம் என்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கட்டினேன். ஆராதனை முடிந்து கமிட்டிக்காரர்கள் நாலு பேர் நின்ற இடத்தில், "அந்தக் கவர் கிடைச்சிட்டுது" என்றேன். கிடைத்தது! தமிழில் இப்படி ஒரு வினைச்சொல் இருப்பது எவ்வளவு வசதி. யாரிடமிருந்து, எங்கே, எப்படி, ஒன்றும் சொல்ல வேண்டாம். யாரும் கேட்கவும் இல்லை. ஒருவர் மட்டும் என் தோளில் தட்டி, மெதுவாகச் சொன்னார். "பயந்துபோய்க் கொண்டாந்து வச்சிட்டான், என்ன? சரி விடு, வயசான மனுஷன்."

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதுவரை சந்தேகம்தான் இருந்தது. நான் சொன்ன பாதி உண்மையால் அது தீர்ப்பாகிவிட்டது. ஊரெல்லாம் அவரை மன்னித்தது. மன்னித்த பெருமையில் சிலர் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வேட்டிகூட எடுத்துக் கொடுத்தார்கள்.

மறுவாரம் தாத்தா என்னைக் கோயில் பின்வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, பணம் கிடைச்சிட்டாம்லா?"

"ஆமா தாத்தா."

"எங்க கிடந்துச்சி?"

ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. சொன்னேன். வண்டி, ரெயின்கோட்டு, எல்லாம். மன்னிப்பும் கேட்டேன், கண்கூடக் கலங்கியது. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "சரி, கிடைச்சது நல்லது" என்றார். பிறகு, "அந்த நோட்டுல எம்பேரு கிடக்குல்லா, அத என்ன செய்யப் போறிய?" என்றார்.

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. நோட்டில் இருப்பது எப்படித் தெரியும் என்று என் முகம் கேட்டிருக்கவேண்டும். "நீங்கதான சத்தமா வாசிச்சிய. நான் வெளிய செருப்ப அடுக்கிக்கிட்டு நின்னேன்."

அடுத்த கூட்டத்தில் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். அடுத்த கூட்டம் தேர்தலுக்கு முன்னால் வந்தது. நான் சரிசெய்யவில்லை. தேர்தலில் ஜெயித்தேன். அதற்கடுத்த கூட்டம் கிறிஸ்துமஸ் ஏற்பாடு, நிறைய வேலை. அப்போதும் இல்லை.

ஞாயிறுதோறும் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்வோம். சின்ன வயசிலிருந்து சொல்கிறேன், மனப்பாடம். அது முழுக்க 'நாங்கள்'. நாங்கள் தவறினோம், நாங்கள் செய்யவில்லை. நல்ல ஜெபம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இருநூறு பேர் சேர்ந்து சொல்லும் 'நாங்களு'க்குள் ஒரு 'நான்' சுகமாக உட்கார்ந்துகொள்ளலாம். நான் அந்த இரண்டு மாதமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் தாத்தாவும் அதே வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலேஜில் கூடப் படித்த கத்தோலிக்க நண்பன் ஒருவனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்லவில்லை. லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு முறை இருக்கிறது, செய்து பார் என்றான். ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். மொத்தப் பாவமும் வேண்டாம், ஒன்று. ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மத்தியானம் யோசித்துப் பார்த்து, அதுவரை எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். ராத்திரி அதேபோல் இரண்டாவது கோட்டில். நேற்றைக்கும் இன்றைக்கும், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஆள், ஆனால் கடைக் கணக்கு மாதிரி வைத்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்டது, பாதி உண்மை சொல்லி நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்வது. முதல் நாள் மத்தியானத்துக்குள் நாலு புள்ளி. ஆபீஸில் இரண்டு, வீட்டில் ஒன்று, போனில் ஒன்று. கவர் விஷயம் எனக்கு ஒரு நாள் வந்த விபத்து என்று நினைத்திருந்தேன். தினசரிப் பழக்கத்தில் ஒரு நாள்தான் அது.

முகாமில் எங்களை அழவைத்தார்கள். அழுதது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்தப் புள்ளிகள் எரிச்சலைத்தான் கொடுத்தன, அழுகை வரவே இல்லை. ஆனால் எனக்கு ஏதாவது மாறியிருக்கிறது என்றால், அது அந்த எரிச்சலில்தான்.

வேறொருவரையும் சொல்லவேண்டும். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர், தோர்ணக்கல்லில் தெலுங்கு மக்களோடு வாழ்ந்து முடித்தவர். 1910ல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் நிறைந்த சபையில் அவர் பேசிய பேச்சு பிரபலம். எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், அதற்கு மேல் எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்பதுதான் அதன் சாரம். எனக்கு இது வெள்ளைக்காரர்களுக்குச் சொன்ன பேச்சாகத்தான் பல வருடம் இருந்தது. தாத்தாவுக்கு வருடா வருடம் கேக், துணி எல்லாம் கொடுத்த நான், அவர் அறைக்குள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அவர் மனைவி எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியாது. சேவை நிறையச் செய்திருக்கிறேன். எல்லாம் வாசலில் நின்றபடி.

ஜனவரிக் கூட்டத்தில் எழுந்தேன். கை நடுங்கியது. ஜூலை மாத ஐந்தாவது பொருள் தவறு, கவர் என் வண்டியில் இருந்தது, அதைத் தெரிந்தும் நான் இரண்டு மாதத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன், கோயில்குட்டியாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிவைத்ததை வாசித்தேன். ஏதோ பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர், "இதையெல்லாம் மினிட்ல ஏத்தணுமா? வாயால சொன்னாப் போதாதா?" என்றார். ஏற்றவேண்டும் என்றேன். ஐயர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எழுதுங்க" என்றார். அடுத்த பொருள், கழிப்பறைத் தொட்டி உடைப்பு. அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

கூட்டம் முடிந்து பின்பக்கம் போனேன். தாத்தா துவைத்த நற்கருணைத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மடிக்கத் தெரியவில்லை, அவர் சொல்லித்தந்தார்.

"வாசிச்சியளா?"

"வாசிச்சேன் தாத்தா."

"எல்லாரும் இருந்தாவளா?"

"ரெண்டு பேர் வரலை."

யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். ஜூலையில் அவரிடம் போய்க் கேட்ட இரண்டு பேரும் அவர்கள்தான். அதுவரை எனக்கு அது தட்டவில்லை.

"அவங்ககிட்டயும் சொல்லிருங்க" என்றார்.

ஒருவரிடம் அன்று ராத்திரியே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இன்னொருவர் அப்போது மகன் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார், பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒருமுறை போட்டேன், எடுக்கவில்லை.