அன்னங்களின் முகம் பார்த்தவர்



ஒரு மௌலவி சித்திரம் பார்க்கப் போனார் என்றால் மூக்கில் விரல் வைப்பீர்கள். நானும் தயங்கித்தான் போனேன். சென்ற டிசம்பரில் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய பிள்ளைகள் விடாப்பிடியாக அழைத்துச் சென்ற இடம்தான் ஸ்லிம்பிரிட்ஜ்.

செவர்ன் நதியின் கழிமுகத்தை அண்டிய சதுப்பு நிலம் அது. நீர்நிலைகளுக்கிடையே நடைபாதைகள், ஆங்காங்கே மரக்குடில்கள். குடிலின் சிறு சாளரத்தைத் திறந்து, சத்தமில்லாமல் பறவைகளைப் பார்க்க வேண்டும். பேசிப் பழகிய எனக்கு அதுவே பெரிய பயிற்சி!

இதனை 1946 இல் தொடங்கியவர் பீட்டர் ஸ்கொட் என்ற ஓவியர். தென்துருவம் சென்று திரும்பி வராத கப்டன் ஸ்கொட்டின் மகன். 1912 இல் பனிக்குள் மரணத்தை எதிர்பார்த்திருந்த தந்தை, மகனுக்கு இயற்கையில் ஆர்வம் உண்டாக்கும்படி மனைவிக்கு எழுதிவைத்தார். அப்போது பிள்ளைக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. தாய் கதலீன் ஒரு சிற்பி. கணவரின் சொல்லை அவர் மறக்கவில்லை. ஆனால் பிள்ளை வாலிபனானதும் தூக்கியது துவக்கை! விடியற்காலையில் சதுப்பு நிலத்தில் காத்திருந்து வாத்துகளைச் சுட்டார்; அவற்றையே வரையவும் செய்தார். பல வருடங்களுக்குப் பின்னரே துவக்கைக் கைவிட்டார்.

அவர் வரைந்த அறையில் பெரியதொரு கண்ணாடி ஜன்னல், வெளியே குளம். ருஷ்யாவின் வடகோடியிலிருந்து வரும் பெவிக் அன்னங்கள் 1964 இல் அந்த ஜன்னலின் முன்னே வந்து கூடின. அலகில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும் விதம் ஒன்றைப்போல் மற்றொன்றில் இல்லை என்று அவர் கண்டார். ஒவ்வொன்றின் முகத்தையும் சிறிதாக வரைந்து பெயர் வைத்தார். எது எதனோடு ஜோடி, எது குஞ்சுகளோடு வந்தது, எது வரவேயில்லை என்பதெல்லாம் பதிவாயிற்று. நாற்பதுக்கு மேற்பட்ட வருடங்களில், நாலாயிரம் ஜோடிகளில் பிரிந்து வேறு துணை தேடியவை இரண்டே இரண்டுதான் என 2010 இல் அறிவித்தார்கள். காதி நீதிமன்றப் படிகளில் அடிக்கடி நிற்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது மாறவில்லை. என்றாலும், என் மாணவர்களின் முகங்களை இத்தனை உற்றுப் பார்த்திருக்கிறேனா என்று வெட்கமாயிருந்தது.

அன்னங்கள் முன்போல் வருவதில்லையாம். ஐரோப்பாவில் குளிர் குறைந்ததால் பல வழியிலேயே தங்கிவிடுகின்றன. நாங்கள் கண்டவை சொற்பமே.

கடைசிக் குடிலில் ஊசிவால் தாராக்கள் தெரிந்தன. இந்த இனத்தின் பழைய விஞ்ஞானப் பெயரைத்தான் ஸ்கொட் தம் மகள் ஒருவருக்கு வைத்தார். பனிக்காலத்தில் எங்கள் மன்னார்க் கரைக்கும் இவை வரும். 1990 இல் ஊரைவிட்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. வாப்பா கொண்டுவரும் காட்டுத்தாராவை உம்மா ஆக்கித் தருவா. ருசி நாக்கில் இருக்கிறது. பறவையின் முகம் நினைவில் இல்லை.

மாணவரின் சின்ன மகள் தூரநோக்கியை என்னிடம் நீட்டினாள்.

"ஹஸரத், கழுத்தில வெள்ளைக் கோடு தெரியுதா?"

தெரிந்தது.