பல்லுக்காக வந்தவர்

மண்ணூருக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கொரியர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவர்கள் வேலைக்காக இங்கு வந்தவர்கள். எங்கள் அண்ணன் வேலைக்காக இங்கிருந்து போனவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டொரொண்டோவில் இருக்கும் அவர், 2025 ஜனவரியில் ஊருக்கு வந்தது பல் கட்டிக்கொள்வதற்காக.

அப்பா 2021 மே மாதம் இறந்தார். கனடாவுக்கும் இந்தியாவுக்குமான நேரடி விமானங்கள் அப்போது நிறுத்தப்பட்டிருந்தன. மூத்தவர் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவர்களான நாங்கள் வைத்தோம். அவர் அதைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். காரணம் நியாயமானதுதான். ஆனால் நியாயம் மனத்தாங்கலைத் தீர்த்துவிடுவதில்லை. விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கிய பிறகும் மூன்றாண்டுகள் அவர் வரவில்லை. அப்பாவுக்காக வராதவர் பல்லுக்காக வந்துவிட்டார் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

கணக்கைப் பார்த்தால் அவர் செய்தது தவறில்லை. மருத்துவத்துக்குக் காசு கேட்காத நாடு என்று நாம் போற்றும் கனடாவில், அந்த ஏற்பாட்டுக்கு அடித்தளமான 1984ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனையில் செய்தாக வேண்டிய அறுவைகளைத் தவிரப் பல்லைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த பல் நலத் திட்டமும், தனியார் காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது. தாடையில் திருகு நட்டுப் பல் பொருத்துவதற்கு அதிலும் இடமில்லை. ஒரு பல்லுக்கு ஐயாயிரம் டாலர் என்று அங்கே அண்ணனிடம் சொன்னார்கள். சென்னையில் கேட்டது நாற்பதாயிரம் ரூபாய். மூன்று பல்லுக்கு இரண்டு முறை விமானச் சீட்டு எடுத்தாலும் மிச்சம்தான். ஆஸ்திரியர்கள் ஹங்கேரியின் ஷொப்ரானுக்குப் போவதும், அமெரிக்கர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் லாஸ் அல்கொடோனஸுக்குப் போவதும் இதே கணக்கினால்தான். அண்ணனிடம் அயலக இந்தியக் குடியுரிமை அட்டை இருப்பதால் மருத்துவ விசா தேவைப்படவில்லை. எந்த மருத்துவ விசாக் கணக்கிலும் சேராத நோயாளி அவர்.

பூந்தமல்லி தாண்டி நகரத்துக்குள் அவரை அழைத்துப்போன நாள்களில்தான், இரண்டு முறை ஏன் வர வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கியது. 1952இல் ஸ்வீடனின் பிரானெமார்க், முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. 1965இல் முதல் மனிதருக்கு அவர் நட்ட திருகுகள் நாற்பதாண்டுகளுக்கும் மேல் நின்றன. ஆனால் எலும்பு அவசரப்படுவதில்லை. திருகை ஏற்க மூன்று மாதம், மேல்தாடையில் சில சமயம் ஆறு மாதமும் ஆகும். அதன் பிறகே மேலே பல் ஏறும். நட்ட திருகின் நிறுவனம், அளவு, தொகுதி எண் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். பின்னாளில் டொரொண்டோவில் அது தளர்ந்தால், அங்குள்ளவர் எந்தச் சாவியால் திறப்பது என்று தெரியாமல் கையை விரித்துவிடக்கூடும்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் திரும்பினார். அம்மா ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்: "எலும்பு புடிச்சிடுச்சாடா?" அவர் பல்லின் மேல் உள்ள அக்கறை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அம்மாவுக்கு வாயில் பல்லே இல்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே ஒவ்வொன்றாக ஆடி, எடுத்தாயிற்று. வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் வாயில் போடுவார். தினமும் கேட்ட அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. ஜூன் மாதம் இரண்டாம் முறை வந்த அண்ணன்தான் கேட்டார்: "அம்மாவுக்கு ஏன் நீங்க பல் கட்டல?" எங்களிடம் பதில் இல்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில், 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கனடாவிலிருந்து வர வேண்டிய தூரமில்லை. நாங்கள் ஒருநாள்கூட அம்மாவை அங்கே அழைத்துப்போனதில்லை.

அண்ணன் தம் பல்லைப் பொருத்திக்கொண்ட அன்று அம்மாவையும் மருத்துவரிடம் காட்டினார். பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகும். வெறும் பல்செட் கீழ்த்தாடையில் பிடிமானமில்லாமல் ஆடும் என்றார் மருத்துவர். பல்லெல்லாம் போன கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுகளை நட்டு அதன்மேல் பல்செட் பொருத்துவதே முதல் தெரிவாக வேண்டும் என்று, 2002இல் மாண்ட்ரியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்களாம். கனடாவில் சொன்னது இங்கே கைக்கெட்டும் விலையில் கிடைத்தது.

"இருக்கிற நாளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று அம்மா எழப் பார்த்தார். வேண்டாமென்றே சொல்லிவிடுவார் என்று நாங்கள் எண்ணினோம். பிறகு என்ன நினைத்தாரோ, மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"திருகு போட்டா, பல்லு மாட்ட எத்தனை மாசம் ஆகும்?"

"உங்க வயசுக்கு நாலு மாசமாவது விடணும்மா."

அம்மா அண்ணனைப் பார்த்தார். "அப்போ போடச் சொல்லு. மாட்டறப்போ நீ இங்க இருக்கணும்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுப் பல்லில் இன்னும் பேச்சு சரியாக வரவில்லை என்று மருத்துவரிடம் சொன்னார். ஐந்து மாதமாக அம்மா எதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.